பிறவியிலேயே காது மடல் இல்லை: விலாக் குருத்தெலும்பா, சிலிக்கோன் காதா?

நெல்லைப்புறா:
அக்கா பையனுக்கு 6 வயது. வலது காது மடல் பிறவியிலேயே இல்லை. கீழே தோடு போடும் இடத்தில் மட்டும் வேர்க்கடலை அளவுக்குக் கொஞ்சம் சதை. காதுத் துளையும் மூடியிருக்கிறது. இடது காது நன்றாகக் கேட்கிறது. 10 வயது வரை பொறுங்கள், விலாவிலிருந்து எடுத்துச் செய்யலாம் என்கிறார் ஒரு டாக்டர். பிளாஸ்டிக் சட்டம் வைத்து இப்போதே முடித்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். சிலிக்கோன் காதை ஒட்டிக்கொண்டால் கத்தியே வேண்டாம் என்பது சொந்தக்காரர்கள் யோசனை. எதை முதலில் செய்தால் எதற்கு வழி அடைபடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிச்செல்வம்:
மடல் விஷயத்தைப் பெரியவர்கள் எழுதட்டும். அதற்கு முன்னால் கேட்கும் திறனைப் பார்த்துவிடுங்கள்.

துளை மூடியிருந்தால் அந்தப் பக்கம் பொதுவாக 50 - 60 டெசிபல் இழப்பு இருக்கும். உள்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒலி உள்ளே போகும் வழிதான் இல்லை. மறு காது சரியாக இருப்பதால் பேச்சு வந்துவிடும், வீட்டில் யாருக்கும் குறை தெரியாது. வகுப்பில்தான் தெரியும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது, இரைச்சலில் டீச்சர் சொல்வது பாதிதான் விழும். நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். நெற்றிப் பட்டையில் மாட்டும் எலும்புவழிக் கருவிக்கு அறுவையே வேண்டாம், கைக்குழந்தைக்கே போடலாம்.

6 வயதில் பொட்டெலும்பு (காதைச் சுற்றியுள்ள மண்டையெலும்பு) சி.டி. எடுப்பதில் தப்பில்லை. காதின் உள்ளமைப்பு எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதற்கு ஜார்ஸ்டோர்ஃபர் மதிப்பெண் என்று 10-க்குப் போடுவார்கள். 7 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் துளை திறக்கும் அறுவையைப் பற்றிப் பேசுவதிலேயே அர்த்தம் உண்டு. துளை முழுக்க மூடாமல் ஊசி நுழையும் அளவுக்கு இருந்தால் கூடுதல் கவனம் தேவை: உள்ளே உதிரும் தோல் வெளியேற முடியாமல் கொலஸ்டியடோமா வளரலாம். அது சத்தமில்லாமல் எலும்பைத் தின்னும். சி.டி.யில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விலா வழி போவதாக இருந்தால், மடல் செய்து முடிக்கும் முன் யாரையும் துளை திறக்க விடாதீர்கள். தழும்பு விழுந்த தோல் மடலுக்கு உதவாது. எலும்பில் பதிக்கும் கேட்புக் கருவி வைத்தாலும், வழக்கமான 5 - 5.5 செ.மீ.க்கு இன்னும் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மடல் வைக்கும் டாக்டர் இடத்தைக் குறித்துக் கொடுத்த பிறகே அந்தக் கீறல் விழ வேண்டும்.

குருத்து:
மேலே சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன். இந்த வேலையில் மூலதனமே கீறல் படாத தோல்தான்.

விலா முறை: 1959-இல் டான்ஸர் வெளியிட்டதிலிருந்துதான் இதற்கு ஒழுங்கான வடிவம் வந்தது. பர்ட் பிரென்ட் அதைச் செம்மைப்படுத்தினார், 6 வயதிலேயே தொடங்குவார், 3 அல்லது 4 கட்டம். ஜப்பானின் சடோரு நகாடா இரண்டே கட்டமாக்கினார். ஆனால் வயது 10 ஆகியிருக்க வேண்டும், நெஞ்செலும்பின் கீழ்நுனி மட்டத்தில் மார்புச் சுற்றளவு 60 செ.மீ. இருக்க வேண்டும். உங்கள் முதல் டாக்டர் பொறுக்கச் சொன்னது இந்தக் கணக்கில்தான். 6 வயதுப் பிள்ளையின் குருத்தெலும்பு நகாடா முறையில் செதுக்கும் காது வடிவச் சட்டத்துக்குப் போதாது. ஆழமான மடிப்புகள் வேண்டுமென்றால் சரக்கு வேண்டும்.

முதல் கட்டம் இப்படி. நல்ல காதின் மேல் ஒளிபுகும் ஃபிலிமை வைத்து வரைந்து, திருப்பிப் போட்டு அச்சு எடுக்கிறோம். சட்டத்தின் மேல் தோலின் தடிமன் ஏறும் என்பதால் அச்சைச் சுற்றிலும் சில மி.மீ. சிறிதாக்க வேண்டும். மறந்தால் பிறந்த காதை விடப் பெரிய காது வரும். 6-ஆம், 7-ஆம் விலாக்களின் இணைப்பிலிருந்து அடித்தளம், 8-இலிருந்து வெளி விளிம்பு, 9-இலிருந்து உள் மடிப்பு. விலாவைச் சுற்றியுள்ள உறையைக் கூடியவரை அங்கேயே விட்டுவிட வேண்டும். உறை இருந்தால் மார்பு பள்ளம் விழாது. எடுத்த பிறகு காயத்தில் உப்புநீர் நிரப்பி, மயக்க மருத்துவரை நுரையீரலை ஊதி விரிக்கச் சொல்ல வேண்டும். குமிழி வந்தால் நுரையீரல் உறை கிழிந்திருக்கிறது, அப்போதே தைக்கணும்.

சட்டத்தை மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்டித் தோல் பைக்குள் நுழைத்து, உறிஞ்சு குழாய் வைக்கிறோம். தோல் சட்டத்தின் பள்ளங்களில் ஒட்டிக்கொள்வது இந்தக் குழாயால்தான். குழாய் அடைத்தால் ரத்தம் கட்டும், தோலுக்கு ஓட்டம் போகாது, கறுக்கும். முதல் சில நாட்களுக்கு நர்ஸ் மணிக்கணக்கில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

குறைந்தது 6 மாதம் கழித்து இரண்டாம் கட்டம்: ஒட்டிக் கிடக்கும் காதைத் தலையிலிருந்து தூக்கி, பின்னால் ஒரு குருத்தெலும்பு ஆப்பு வைத்து, பொட்டுப் பக்கத்து ஃபேஷியாவால் (தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய திசுப் படலம்) போர்த்தி, மேலே தோல் ஒட்டு. ஆப்புக்கான துண்டை முதல் கட்டத்திலேயே மார்புத் தோலுக்கு அடியில் போட்டு வைத்திருப்போம். இல்லாவிட்டால் இன்னொரு விலா.

கெடுவது எங்கே என்று கேட்டால்: தோல் கறுத்துக் குருத்தெலும்பு வெளியே தெரிவது, நோய்த்தொற்று, கம்பி முனை துருத்துவது, சட்டம் வருடக்கணக்கில் கரைந்து மழுங்குவது. முடி தாழ்வாக வளரும் பிள்ளைக்கு மடலின் மேல் பாதியில் முடி முளைக்கும். அறுவைக்கு முன்பே லேசர் அமர்வுகளை முடித்துவிடுவது நல்லது. நம் தோலுக்கு மார்புத் தழும்பு தடித்துப் போகும் பழக்கமும் உண்டு. தையல் பிரித்ததும் சிலிக்கோன் ஜெல் தாள் சில மாதம் போட வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தால் அது பிள்ளையின் சொந்தக் காது. அடிபட்டால் ஆறும், தொட்டால் தெரியும், பராமரிப்பு கிடையாது.

நெல்லைப்புறா:
பிளாஸ்டிக் சட்டம் என்று சொன்னது?

குருத்து:
போரஸ் பாலிஎத்திலீன். நுண்துளை உள்ள பொருள், திசு உள்ளே வளரும். லாஸ் ஏஞ்சல்ஸின் ஜான் ரைனிஷ் 1991-இல் தொடங்கினார். விலா வேண்டாம், 3 வயதிலேயே முடியும், ஒரே அறுவை. தொடக்க காலத்தில் சட்டம் தோலைக் கிழித்து வெளியே வந்தது நிறைய. முழுச் சட்டத்தையும் பொட்டு ஃபேஷியாவால் போர்த்தத் தொடங்கிய பிறகுதான் அது குறைந்தது.

நீங்கள் கேட்ட "எது எதைக் கெடுக்கும்" என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. அந்த ஃபேஷியா ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். விலா அறுவையில் தோல் கறுத்துப் போனால் நாங்கள் ஓடிப்போய் எடுக்கும் ஸ்டெப்னி அது. பாலிஎத்திலீன் முறை அதை முதலிலேயே செலவழித்துவிடும். பிறகு சட்டம் உடைந்தாலோ வெளியே வந்தாலோ மீட்பது கடினம். அதற்காக அந்த முறை மோசம் என்று சொல்ல மாட்டேன். தொடர்ந்து அதையே செய்பவர் கையில் நன்றாக வருகிறது. எப்போதாவது ஒன்று செய்பவரிடம் போகாதீர்கள். செய்த காதுகளின் படத்தைக் கேளுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, அறுவை முடிந்து 2 வருடம் தாண்டியது. அறுவை மேஜையிலேயே எடுத்த படத்தில் எல்லாக் காதும் அழகுதான்.

மெழுகுக்கத்தி:
குருத்து சார் எழுதியதில் மறுப்பு இல்லை. ஆனால் இந்த மாதிரி இழைகளில் சிலிக்கோன் காது எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கிறது. தீக்காயத்தில் தோல் முழுக்கத் தழும்பான காது, புற்றுநோய்க்கு வெட்டிக் கதிர்வீச்சும் கொடுத்த இடம், விலா அறுவை தோற்ற இடம், மயக்க மருந்து தாங்காத உடம்பு... இங்கெல்லாம் சிலிக்கோன்தான் முதல் தேர்வு. உருவ ஒற்றுமையில் எந்த அறுவையும் நல்ல சிலிக்கோன் காதை எட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவருக்கே தெரியாது.

6 வயதுப் பையனுக்கு? ஒட்டும் காது செய்து கொடுக்கலாம், எந்த வழியும் அடைபடாது. ஆனால் அந்த மிச்சச் சதையை எடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் துண்டுதான் நாளைக்கு டாக்டருக்குக் கீழ்மடலாகத் திரும்பும்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஆய்வகப் பையன்களும் படிக்கிறார்கள்.

அளவு எடுப்பது ஆல்ஜினேட்டில், பல் அச்சுக்குக் கலக்கும் அதே பொடி. ஆளைப் படுக்க வைத்து எடுத்தால் கன்னச் சதை பின்னால் சரியும், அச்சு பொய் சொல்லும். நிமிர்ந்து உட்கார வையுங்கள். காதுத் துளை திறந்திருந்தால் வாசலின் தடவிய பஞ்சு. முடியில் வாசலின். பல் அச்சுக்குச் சேர்ப்பதை விடத் தண்ணீர் ஒன்றரை மடங்கு, ஃபிரிட்ஜ் தண்ணீர். நம் ஊர் மே மாதத்தில் சாதாரணத் தண்ணீரில் கலந்தால் கிண்ணத்திலேயே கட்டிவிடும். மேலே ஒரு அடுக்கு காஸ் துணி, அதன் மேல் மெல்லிய பாரிஸ் சாந்து. கனமாகப் போட்டால் தோல் அமுங்கும். அதற்கு முன் அழியாப் பென்சிலால் துளையின் மையம், மேல் எல்லை, கீழ் எல்லை, சாய்வு எல்லாம் தோலில் குறித்துவிட்டால் அச்சில் அப்படியே ஏறும்.

வாயை மூடி ஒன்று, திறந்து ஒன்று, இரண்டு அச்சு எடுப்பது வீணல்ல. தாடை மூட்டு காதுக்கு முன்னால்தான் இருக்கிறது. மூடிய வாயில் அழகாகப் படிந்த முன்விளிம்பு, சாப்பிடும்போது வாயைப் பிளந்தால் விலகி நிற்கும். அந்த விளிம்பை எங்கே முடிக்கலாம் என்று இரண்டு அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மெழுகு: நல்ல காதை ஸ்கேன் செய்து கணினியில் திருப்பி அச்சிடலாம், அல்லது சொந்தக்காரர் ஒருவரின் காது ஒத்துப்போனால் அச்சு எடுத்து மெழுகில் வார்க்கலாம். பெரியவர் காது 6 - 6.5 செ.மீ. உயரம், அகலம் அதில் பாதிக்குச் சற்று மேல், மேல்நுனி பின்னால் 20 டிகிரி சாயும், தலையிலிருந்து 15 - 20 மி.மீ. விலகும். அளவு சரியாக இருந்தும் இடம் 3 மி.மீ. தவறினால் போச்சு. ஆளை நிற்க வைத்து நேர் எதிரிலிருந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவரென்றால் கண்ணாடியோடு பாருங்கள். தோல் மேடு பள்ளத்துக்கு ஆரஞ்சுத் தோல் அழுத்துவதும் பல் துலக்கும் பிரஷால் தட்டுவதும் பழைய வித்தை, இன்றும் அதுதான்.

மோல்டு கல் சாந்தில், மூன்று துண்டு. முதல் துண்டு ஆளின் தலை அச்சு. இரண்டாவது, காதின் பின்பக்கத்தை வெளி விளிம்பு வரை நிரப்புவது. மூன்றாவது முன்பக்கம். இரண்டு துண்டில் செய்தால் காதின் பின்பக்கக் குடைவில் சிக்கி, திறக்கும்போது விளிம்பு கிழியும். ஒவ்வொரு துண்டிலும் பூட்டுக் குழி வெட்டுங்கள், இடையில் பிரிப்பான் தடவுங்கள். மெழுகைக் கொதிநீரில் உருக்கி, டிடர்ஜென்ட் போட்டு இன்னொரு முறை கொதிநீர். பிறகு கல்லை நன்றாக உலர்த்துங்கள். ஈரக் கல்லை ஓவனில் வைத்தால் ஆவி சிலிக்கோனுக்குள் போய்க் குமிழி.

சிலிக்கோன் பிளாட்டினம் வினையூக்கி வகை. இந்த வகையில் ஏ-2186, எம்.டி.எக்ஸ். 4-4210 என்ற சரக்குகள் இரண்டுமே 10 பங்குக்கு 1 பங்கு, எடைக் கணக்கு. கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஒரு காதுக்கு 30 கிராம் கலந்தால் மிஞ்சும். வாக்குவத்தில் வைக்கும்போது நுரை பொங்கும், சிலிக்கோன் அளவைப்போல 4 - 5 மடங்கு உயரமான கோப்பை எடுங்கள். வெளி விளிம்பின் உட்குடைவில் முதலில் பிரஷால் தடவிவிட்டுத்தான் மொத்தத்தையும் நிரப்ப வேண்டும். கிளாம்பை மெதுவாக இறுக்குங்கள், ஒரே மூச்சில் இறுக்கினால் உள்ளே இருக்கும் வண்ண அடுக்குகள் ஓடிவிடும்.

ஆய்வகத்தம்பி:
அண்ணா, எல்லாம் சரியா பண்ணியும் காது குழியில மட்டும் பிசுபிசுன்னு இருக்கு, காயவே மாட்டேங்குது. ஓவன்ல இன்னும் 3 மணி நேரம் வச்சும் அப்படியே. மத்த இடம் நல்லா செட் ஆயிருக்கு. கேடலிஸ்ட் குறைஞ்சிடுச்சா?

மெழுகுக்கத்தி:
கேடலிஸ்ட் குறைந்தால் காது முழுக்கப் பிசுபிசுக்கும் தம்பி. ஒரு இடத்தில் மட்டும் என்றால் அந்த இடத்தை ஏதோ தொட்டிருக்கிறது. பிளாட்டினத்துக்குக் கந்தகம் ஆகாது. லேட்டக்ஸ் கையுறை போட்டு மோல்டைத் துடைத்தீர்களா? கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணில் குழியைச் சரிசெய்தீர்களா? தகர வினையூக்கிச் சிலிக்கோனில் அச்சு எடுத்த மிச்சம் ஏதாவது? இன்னொன்று, ரெசின் பிரின்டரில் அச்சிட்ட துண்டு மோல்டுக்குள் இருந்தால் அது முழுக்க வேகாமல் இருக்கும், அதன் மேல் சிலிக்கோன் செட் ஆகாது. புறஊதாப் பெட்டியில் கூடுதல் நேரம், பிறகு ஓவன், பிறகு மேல்பூச்சு. அப்படியும் நம்ப முடியாது. பிரின்டில் காதை அச்சிட்டு அதிலிருந்து கல் மோல்டு எடுப்பதே மேல்.

கெட்டுப்போன பிசுபிசுப்பு பிறகு எதனாலும் காயாது. ஓவன் கரண்ட்தான் செலவு. காதை எறிந்துவிட்டு மோல்டைக் கழுவி, நைட்ரைல் கையுறையோடு 2 கிராம் கலந்து அந்தக் குழியில் மட்டும் ஊற்றிச் சோதனை பாருங்கள்.

ஆய்வகத்தம்பி:
களிமண்தான் அண்ணா. பிடிச்சிட்டீங்க.

வண்ணக்கிண்ணம்:
நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் ஊர் ஆய்வகங்களில் காதுகள் பாதி இங்கேதான் சாகின்றன.

வெளிநாட்டு ஷேடு கிட்டில் தொடங்குகிறார்கள். அதில் அடிப்படையே வெள்ளை. மாநிறத் தோலுக்கு வெள்ளையில் பழுப்பைச் சேர்த்துக் கொண்டே போனால் சாம்பல் பூத்த நிறம்தான் வரும், செத்த தோல் மாதிரி. எங்கள் தோலுக்கு வெள்ளையை ஊசி முனையில் எடுங்கள். மஞ்சள் காவி, சுட்ட சியன்னா, சுட்ட அம்பர், கொஞ்சம் சிவப்பு, கருமை கூட்டக் கறுப்புக்குப் பதில் நீலத்தில் ஒரு துளி. மொத்த நிறமி எடையில் ஒரு சதவீதத்துக்குள் இருக்கட்டும். கூடினால் ஒளி உள்ளே போகாது, பெயின்ட் அடித்த பொம்மைக் காது.

மாதிரித் துண்டை ஒரே தடிமனில் செய்யாதீர்கள். 1 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. வரை ஏறும் ஆப்பு வடிவத்தில் வாருங்கள். விளிம்பு ஒரு நிறம், கீழ்மடல் இன்னொரு நிறம் என்று தெரிந்துவிடும். பொருத்திப் பார்ப்பது ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில், பிறகு டியூப் லைட்டில், பிறகு எல்.இ.டி.யில். மூன்றிலும் ஒத்தால்தான் ஒத்தது. கிளினிக் விளக்கில் மட்டும் பார்த்துக் கொடுத்த காது பஸ் ஸ்டாண்டில் பச்சையாகத் தெரியும்.

காது முழுக்க ஒரு நிறம் கிடையாது. விளிம்பு சிவக்கும், குழி இருளும், பின்பக்கம் கழுத்தின் நிறத்தோடு போகும். ரேயான் இழைத்தூளைச் சிவப்பும் நீலமுமாகக் கலந்து அடியடுக்கில் தூவினால் நரம்பு ஓடுகிற தோற்றம். வெயிலில் வேலை செய்பவருக்கு ஒரே மோல்டில் இரண்டு காது: கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு அரை ஷேடு வெளுத்த ஒன்று.

செவிச்செல்வம்:
ஒட்டும் காது நம் வெயிலுக்கு எத்தனை மணி நேரம் நிற்கும்?

மெழுகுக்கத்தி:
ஒட்டும் ஆளைப் பொறுத்தது. காலையில் ஒட்டியது சாயங்காலம் வரை நின்றால் நல்ல ஒட்டு. வேர்வையை விடப் பெரிய எதிரி தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் காதோரம் வழிந்து ஒட்டுக்கும் தோலுக்கும் நடுவே நுழைந்தால் முடிந்தது கதை. அதோடு சிலிக்கோன் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். மஞ்சள் பூசிய கையால் தொட்டாலும் கறை போகாது. தலைச்சாயமும் அப்படித்தான். எண்ணெய்க் குளியல் அன்று காது டப்பாவில் இருக்கட்டும்.

முறை: தோலை சோப்பால் கழுவி, உலர்த்தி, ஆல்கஹால் துணியால் துடைத்து அது ஆறும் வரை பொறுக்க வேண்டும். தண்ணீர் கலந்த அக்ரிலிக் ஒட்டு என்றால் மெல்லிய அடுக்கு. வெள்ளையாக இருக்கும்போது ஒட்டாதீர்கள், கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகுதான் அது பிடிக்கும். நடுவில் ஒட்டி விளிம்பை நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். கழற்றும்போது விளிம்பைப் பிடித்து இழுப்பதுதான் காதைக் கொல்லும். கனமான இடத்தைப் பிடித்துச் சுருட்டி எடுக்க வேண்டும். விளிம்பில் மெல்லிய நைலான் வலையைப் பதித்து வார்த்தால் கிழிவது நன்றாகக் குறையும். பழைய ஒட்டை அன்றாடம் உருட்டி எடுத்துவிடுங்கள். மேலே மேலே பூசினால் விளிம்பு தடிக்கும், தூரத்திலிருந்தே தெரியும். மிதமான சோப்பு, மென்மையான பிரஷ், நிழலில் உலர்த்தல். அசிட்டோன் பக்கமே போகக் கூடாது.

விளிம்பை எப்படி மறைப்பது என்பதும் புதுப் பிரச்சினை இல்லை. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு அன்னா கோல்மன் லாட் பாரிஸில் மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து எனாமல் பூசினார். அதைக் காதோடு பிடித்து வைத்ததும் விளிம்பை மறைத்ததும் பெரும்பாலும் ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டம். இன்றும் முன்விளிம்பைக் கண்ணாடிக் கம்பிக்கும் கிருதாவுக்கும் அடியில் முடிக்கவே பார்க்கிறோம்.

தாமிரபரணி_அரவம்:
ஹெல்மெட்?

மெழுகுக்கத்தி:
கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஹெல்மெட் போடுவது. வேறு வழி இல்லை. ஒட்டியபடி போட்டால் ஹெல்மெட்டோடு காது வந்துவிடும்.

குருத்து:
சிலிக்கோன் காதை மாட்ட எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் பற்றியும் சொல்லிவிடுவோம். நெல்லைப்புறா கேள்வியின் கூர்மையான பகுதி இதுதான்.

டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போகும் என்று காட்டியவர் ஸ்வீடனின் பிரோனமார்க். அவரோடு வேலை செய்த ட்ஜெல்ஸ்ட்ரோம் 1977-இல் கேட்புக் கருவிக்கும், 1979-இல் காது மடலுக்கும் அதைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் பதித்தார். 3 அல்லது 4 மி.மீ. நீளத் திருகு இரண்டு போதும். காதுத் துளை மையத்திலிருந்து 18 - 20 மி.மீ. பின்னால், ஒன்றுக்கொன்று 15 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி. வலது காதைக் கடிகார முகமாக நினைத்தால் 8 மணியிலும் 10-11 மணியிலும். அந்த இடம் ஏனென்றால், மேலே வரும் சிலிக்கோனின் உள் மடிப்பு அங்கேதான் தடிமனானது, திருகுகளை இணைத்துக் காதைப் பிடிக்கும் கம்பி ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் பின்னால் போனால் காதின் பின்னிருந்து உலோகம் தெரியும். எலும்பு பிடிக்க 3 - 4 மாதம், கதிர்வீச்சு வாங்கிய எலும்புக்கு இன்னும் அதிகம்.

திருகைச் சுற்றி முடி வராதபடி, தோல் எலும்பு மேல் அசையாதபடி அந்த இடத்தை மெலிதாக்க வேண்டும். அங்கேதான் வழி அடைபடுகிறது. மெலிதாக்கிய தோலுக்கடியில் பிறகு குருத்தெலும்புச் சட்டம் வைக்க முடியாது. விலா அறுவை தோற்றால் இம்பிளான்டுக்குப் போகலாம். இம்பிளான்டிலிருந்து விலாவுக்குத் திரும்பும் பாதை ஏறக்குறைய இல்லை. ஆகவே 6 வயதில் இம்பிளான்ட் வைக்க யாராவது சொன்னால், பிறகு விலா முறைக்குத் திரும்ப முடியுமா என்ற இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

மெழுகுக்கத்தி:
அதில் சண்டை இல்லை சார். ஒட்டும் காதையும் இம்பிளான்ட் காதையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதுதான் குழப்பம். ஒட்டும் காது திரும்பி வரக்கூடிய வழி.

இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு: கம்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மி.மீ. சந்து இருக்கிறதா என்று பாருங்கள். பல்லிடுக்கு பிரஷ் நுழைய வேண்டும். தினமும் சுத்தம் செய்யாவிட்டால் தோல் சிவந்து, கசிந்து, சதை வளரும். ஹோல்கர்ஸ் என்பவர் 0 முதல் 4 வரை தரம் போட்டிருக்கிறார்: 1 வெறும் சிவப்பு, 2 சிவந்து கசிவது, 3 சதை வளர்ச்சி, 4 திருகையே எடுக்க வேண்டிய தொற்று. 2-இல் இருக்கும்போதே போய்க் காட்டினால் பெரும்பாலும் சுத்தமும் மருந்துமாக முடியும். கம்பிக்குப் பதில் காந்தம் மாட்டியிருப்பவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன் சொல்லிக் கழற்றிக்கொள்ளுங்கள். சிலிக்கோனுக்குள் இருக்கும் அக்ரிலிக் தட்டு பிரிந்து வருவது இன்னொரு வழக்கமான கோளாறு. பிரைமர் (ஒட்டுப்பிடிப்புக்கான அடிப்பூச்சு) தடவி முழுக்க உலரவிடாமல் வார்த்ததன் பலன் அது.

குருத்து:
ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு புதுக் காது. அதையும் எழுதுங்கள்.

மெழுகுக்கத்தி:
எழுதுகிறேன். வெயிலில் நிறம் போகும், விளிம்பு கிழியும், ஒன்றரை வருடம் சராசரி என்று வைத்துக்கொள்ளலாம். 10 வயதில் தொடங்கினால் 60 வயதுக்குள் 33 காது கணக்கு. மோல்டு பத்திரமாக இருந்தால் அடுத்த காதுக்கு வேலை பாதி, ஆகவே மோல்டை ஆய்வகத்தில் விடாமல் வீட்டுக்குக் கேட்டு வாங்கி வையுங்கள். வளரும் பிள்ளைக்கு இது பொருந்தாது, அச்சே மாறும்.

பதிலுக்கு நீங்களும் ஒன்றை எழுதுங்கள்: சரியில்லாத சிலிக்கோன் காதை டப்பாவில் போட்டு மூடலாம். சரியில்லாத விலாக் காதை?

குருத்து:
நியாயம்.

நெல்லைப்புறா:
வீட்டில் இன்னொரு கேள்வி. மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று தாத்தா பிடிவாதம். அந்தச் சின்னச் சதையில் குத்தலாமா? பின்னாளில் கடுக்கன் போட முடியுமா?

குருத்து:
வேண்டாம். இடது காதில் குத்துங்கள், போதும். வலது பக்கச் சதையில் துளை போட்டால் தழும்பு, தொற்று வந்தால் சதையே சுருங்கும். அதை இடம் மாற்றிக் கீழ்மடலாக்கும்போது அதன் ரத்த ஓட்டம் முழுசாக இருக்க வேண்டும். அழகாக இல்லை என்று யாராவது நூல் கட்டி உதிரவைக்கச் சொல்வார்கள், அதுவும் கூடாது. மொட்டை தாராளமாகப் போடலாம், தலைத்தோலில் கத்திக்காயம் படாமல்.

இரண்டு கட்டமும் முடிந்து எல்லாம் ஆறிய பிறகு, கீழ்மடலின் சதைப்பகுதியில் மட்டும் குத்தலாம். சட்டம் இருக்கும் பகுதியில் ஊசி ஏறக்கூடாது, ஏறினால் குருத்தெலும்பில் சீழ் பிடித்து மொத்தமும் போகும். அதுவும் தழும்பு தடிக்கும் குடும்பமா என்று பார்த்து.

மெழுகுக்கத்தி:
சிலிக்கோன் காதுக்கு, வார்க்கும்போதே துளையில் சின்ன பிளாஸ்டிக் குழாய் பதித்துவிட்டால் தோடு போடலாம். வெறும் சிலிக்கோனில் குத்தினால் கம்பி அறுத்துக்கொண்டே போகும். ஜிமிக்கி வேண்டாம். கனம் கீழே இழுக்க இழுக்க மேல்விளிம்பு ஒட்டு விடும்.

தாமிரபரணி_அரவம்:
நம் பாட்டிமார் பாம்படத்தால் அறுந்த காதைத் தைப்பதும் இதே துறைதானே. சுஸ்ருத சம்ஹிதையில் கீழ்மடலைச் சேர்க்க மட்டும் 15 வகை சொல்லியிருக்கிறது.

குருத்து:
ஆமாம், அதுவும் இதே துறைதான். ஓரத்தை வெறுமனே சேர்த்துத் தைத்தால் தழும்பு சுருங்கிக் கீழ்விளிம்பில் பள்ளம் விழும், அதனால் இசட் வடிவில் வெட்டிச் சேர்ப்போம். மறுபடி தோடு போட்டால் பழைய தழும்பில் குத்தக்கூடாது. தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

நெல்லைப்புறா:
புரிந்தது. விலாவுக்குக் காத்திருப்பது, அதுவரை கேட்புப் பட்டை, வேண்டுமானால் ஒட்டும் காது. பாலிஎத்திலீன் இப்போதைக்கு இல்லை. மார்புச் சுற்றளவை நாங்களே அளந்துகொள்ளலாமா? எப்போது திரும்பக் காட்டுவது?

குருத்து:
அளக்கலாம். சட்டையைக் கழற்றி நிற்க வையுங்கள். நெஞ்சுக்குழியில், நெஞ்செலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் கூர்மையாக ஒன்று தட்டுப்படும். தையல் டேப்பைத் தரைக்கு இணையாக அதன் மேல் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விட்ட நிலையில், இறுக்காமல். மார்க்காம்பு மட்டத்தில் அளந்தால் சில செ.மீ. கூடுதலாகக் காட்டும், அதை நம்பி வராதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். 57 - 58 தொட்டதும் வாருங்கள். முடி தாழ்வாக இருந்தால் லேசர் அமர்வுகளுக்கே பல மாதம் பிடிக்கும். ஒட்டும் காது போட்டிருந்தால், வருவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து ஒட்டாதீர்கள். சிவந்த தோலில் கை வைக்க மாட்டோம்.